இங்க ஆள் வருது

எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். டார்லாவின் புருஷன் அவளை விட்டுவிட்டு ஓடிப்போனான் என்று. ஷெரீஃப் ஆபீஸிலும் அப்படித்தான் முடித்துவிட்டார்கள். என் மாமியார் யூலா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலய வாசலில் நின்று அதையே சொல்கிறாள்.

நான்தான் அந்த டார்லா. நடந்தது அது இல்லை. நடந்தபோது அவன் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான் சொல்வதையும் ஒருமுறை கேளுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

என் புருஷன் ராய்ஸ் கெட்டவன் இல்லை. ஆனால் எதையும் முன்கூட்டி யோசிக்கிற ஆளும் இல்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒருநாள்கூட எனக்கென்று ஒரு இடம் பிடித்து வைத்ததில்லை. தேவாலய விருந்துக்குப் போனால் முதல் ஆளாகத் தட்டோடு போய் உட்கார்ந்துகொள்வான். கார் ரேஸுக்குப் போனால் கூட்டாளிகளோடு ஒட்டிக்கொண்டு, "நீ அந்தப் பக்கம் எங்கியாவது பாத்துக்கோ" என்பான். குளிரில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே நான் பார்த்த ரேஸ்கள் எத்தனையோ.

மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாள் விடுமுறைக்கு டென்னசியில் எந்த ஏரிக்கரையிலும் கூடாரம் போட இடம் கிடைக்காது. நவம்பரிலேயே சொன்னேன். மாநிலப் பூங்காவில் புக் பண்ணிவிடு, அங்கே வெந்நீர் வரும், கரன்ட் இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று.

"கூடாரம் போடறதுக்கு எவனாவது ஆறு மாசம் முன்னாடி சொல்லி வைப்பானா? அது என்ன ஆபரேஷனா டார்லா?"

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

முதல் பூங்காவின் வாசலில் 'இடம் இல்லை' என்று பலகை மாட்டியிருந்தது. உள்ளே இருந்த பெண்ணிடம் ராய்ஸ் கேட்டதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது பூங்காவிலும் அதே பலகை. டிரக்குக்குள் நாங்கள் போட்ட சண்டையை இங்கே சொல்ல முடியாது. கடைசியில், அணை கட்டியபோது வீடுகளெல்லாம் மூழ்கிப்போன ஸ்லேட் ஃபோர்க் ஏரியின் பின்பக்கத்துக்கு வண்டியைத் திருப்பினான். அங்கே புக்கிங் கிடையாது. முந்தி வந்தவனுக்கு இடம்.

அந்த மாதிரிக் கூடாரத் திடல்களில் ஒரு வழக்கம் உண்டு. இடம் பிடித்தவன் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போவான், கடைக்குப் போவான். நாற்காலி இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய ரவுடியும் அதைத் தொடமாட்டான். ராய்ஸும் சின்ன வயதிலிருந்து அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதனால்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை மணி. திடல் முழுக்கக் கூடாரமும் டிரெய்லரும். கால் வைக்க இடமில்லை. ஆனால் கோடியில், தண்ணீரை ஒட்டி, ஒரே ஒரு இடம் காலியாகக் கிடந்தது. நல்ல மர நிழல். சாப்பாட்டு மேஜை. தீ மூட்ட இரும்பு வளையம்.

அந்த வளையத்துக்குள் சாம்பல் இல்லை. புல் முளைத்திருந்தது.

நடுவில் ஒரு மர நாற்காலி. கேம்புக்குக் கொண்டுவரும் மடக்கு நாற்காலி இல்லை. சமையலறையில் போடுகிற பழைய நாற்காலி. தண்ணீரைப் பார்த்துப் போட்டிருந்தது.

எதிர் இடத்தில் ஒரு பெண் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இறங்கியதும் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அது வேணாங்க. அங்க ஆள் வருது. நாற்காலி போட்டிருக்கு பாருங்க."

"எப்போ வராங்க?" என்றான் ராய்ஸ்.

அவள் திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள்.

"ஒரு கூடாரம் இல்ல, ஒரு ஐஸ் பெட்டி இல்ல. எவனோ வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டுப் போன குப்பை. இதுக்கு மரியாதை வேறயா?"

"ராய்ஸ், வேணாம். வா, வீட்டுக்கே போயிடலாம்."

"ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்தது திரும்பிப் போறதுக்கா?"

நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்தான். திரும்பி வரும்போது கையை ஜீன்ஸில் துடைத்தான்.

"ஈரமா இருக்கு."

இரண்டு வாரமாக மழை இல்லை. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். கால்கள் காய்ந்திருந்தன. முதுகு காய்ந்திருந்தது. உட்காரும் பலகை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரத்துணியோடு ஒருவர் இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

எங்களிடம் இரண்டு மடக்கு நாற்காலிகள். அவனுடையது நீலம். கோப்பை வைக்கும் இடம் கிழிந்து, சாம்பல் நிற டேப் ஒட்டியிருக்கும். என்னுடையது சிவப்பு. அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் தீப்பொறி பட்டு இடது கைப்பிடியில் ஒரு ஓட்டை. ராய்ஸ் தன் நாற்காலியை, அந்த மர நாற்காலி இருந்த அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தான். காலை நீட்டினான். பீர் திறந்தான். நான் வழக்கம்போல உருளைக்கிழங்கு சீவினேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தேன்.

மரத்தடியில் நாற்காலி இல்லை.

மேஜைக்குப் பின்னால் நின்றது. ராய்ஸின் முதுகுக்கு நேராக.

"நீயா எடுத்துட்டு வந்தே?"

"எது?" திரும்பிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. எதிர்ப் பெண்ணைப் பார்த்துக் கத்தினான். "விளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று. அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ராய்ஸ் அந்த நாற்காலியைத் தூக்கினான். விறுவிறுவென்று கரைக்குப் போனான். வீசினான். நல்ல பலசாலி. பதினைந்து இருபது அடி தள்ளிப் போய் விழுந்தது.

மரம் மிதக்க வேண்டும் இல்லையா?

மிதக்கவில்லை. நிமிர்ந்து நின்றது. நேராக... மெதுவாக... உள்ளே போனது. யாரோ அதில் உட்கார்ந்து பாரம் கொடுத்த மாதிரி.

"பாத்தியா?" என்றேன்.

"ஊறிப்போன கட்டை. வேற ஒண்ணுமில்ல."

எதிர்ப் பெண்ணும் அவள் புருஷனும் சாமான் கட்டத் தொடங்கினார்கள். வாணலியை எண்ணெயோடு புதரில் கவிழ்த்தார்கள். டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த விடுமுறையில், கிடைத்த இடத்தை விட்டு யாராவது போவார்களா?

"பாரு, தொல்லை விட்டுது" என்று சிரித்தான் ராய்ஸ்.

சூரியன் இறங்கியதும் ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறியது. முதலில் தண்ணீர் மறைந்தது. பிறகு கரை மறைந்தது. பக்கத்துக் கூடாரங்களின் பாட்டு, நாய்க் குரைப்பு, குழந்தைகள் சத்தம் எல்லாம் ஒன்றொன்றாக அமுங்கிப் போயின.

அப்போது கேட்டது.

கர்ர்ர்க்...

பலகைத் தரையில் நாற்காலியை இழுக்கிற சத்தம்.

எங்கள் காலடியில் ஜல்லிதான். சுற்று வட்டாரத்தில் பலகைத் தரை எங்கேயும் கிடையாது. சத்தம் வந்தது தண்ணீர்ப் பக்கமிருந்து. தண்ணீருக்குக் கீழிருந்து.

கர்ர்ர்க்... மறுபடி. இன்னொன்று. அப்புறம் நிறைய. விருந்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவார்களே, அந்தச் சத்தம்.

பிறகு நிசப்தம்.

யாருக்காகவோ காத்திருக்கிற நிசப்தம்.

"ராய்ஸ், கிளம்பு. கூடாரம் கிடக்கட்டும். கிளம்பு."

அவனும் பயந்திருந்தான். எனக்குத் தெரியும். பயந்தால் அவனுக்கு வாய் நீளும். பனிமூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

"நாற்காலி வேணும்னா வந்து எடுத்துக்கோ! நான் இங்கதான் உக்காந்திருக்கேன்!"

"வாயை மூடு!"

"போய் லாந்தரை எடுத்துட்டு வாடி. பொழுதன்னைக்கும் பயந்து சாகாத."

டிரக் பத்தடி தூரம். கதவைத் திறந்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து லாந்தரை எடுத்தேன். கதவைச் சாத்தினேன்.

டிரக் கடிகாரத்தில் மணி ஒன்பது.

திரும்பினேன்.

ராய்ஸ் இல்லை.

நீல நாற்காலி இல்லை.

அலறல் இல்லை. தண்ணீர் தெறிக்கவில்லை. பீர் டப்பா மேஜைமேல் இருந்தது. நுரைகூட அடங்கவில்லை.

ஜல்லியில் கோடுகள். நாற்காலிக் கால்கள் இழுபட்ட கோடுகள். நேராகத் தண்ணீருக்குள்...

என் சிவப்பு நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது.

நான் அலறியது திடல் முழுக்கக் கேட்டதாம். முதலில் வந்தவர் ஹேஸ்கல். அங்கேயே டிரெய்லர் போட்டுத் தங்கி, திடலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. யாரைக் காணோம் என்று கேட்கவில்லை.

"நாற்காலிய எடுத்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

ஷெரீஃபிடம் அவர் அந்தக் கேள்வியைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் ஏரியைத் துழாவினார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். உடல் இல்லை. நாற்காலியும் இல்லை. அப்புறம் பக்கத்துக் கூடாரக்காரர்களை விசாரித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்களா? போட்டார்கள். அவ்வளவு போதுமே அவர்களுக்கு. கோபித்துக்கொண்டு நடந்தே ரோட்டுக்குப் போய், ஏதோ வண்டியில் ஏறிப் போய்விட்டானாம். சொந்த டிரக்கை விட்டுவிட்டு!

யூலா அதற்குமேல் போனாள். நாக்ஸ்வில்லில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாளாம்.

"உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எந்த ஆம்பளைடி இருப்பான்? அவன் உன்னை விட்டுட்டுப் போயிட்டான். ஒத்துக்கோ."

"போகல அத்தை. அவன் போகல."

"அப்போ எங்க?"



செத்தவனின் பெண்டாட்டி என்றால் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவார்கள். ஓடிப்போனவனின் பெண்டாட்டிக்கு ஒரு ரொட்டித் துண்டு வராது. தேவாலயத்தில் நான் போய் நின்றால், பெஞ்சில் பக்கத்து இடத்தில் கைப்பையை எடுத்து வைப்பார்கள். "இங்க ஆள் வருது டார்லா" என்பார்கள். ஆராதனை முடியும்வரை எந்த ஆளும் வரமாட்டான். நான் சுவரோரம் நின்று பாடுவேன். இரண்டு வருஷம் அப்படி நின்றேன். அவன் என்னை விட்டுப் போகவில்லை என்று உலகத்தில் ஒரே ஒரு ஆள் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த மே மாதம் ஹேஸ்கல் போன் செய்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் நாற்காலி நீலமா? கோப்பை வைக்கிற இடத்துல டேப் ஒட்டியிருக்குமா?"



"ஆமா. கிடைச்சுதா?"

"அந்த இடத்துல போட்டிருக்கு. தண்ணியப் பாத்து. மர நாற்காலி நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து இருந்துது. அதைச் சுத்தித்தான் புல்லு வெட்டுவேன். அன்னிக்கு ராத்திரிக்கப்புறம் அது வரல. இப்போ இது வந்திருக்கு. தினமும் காலைல போய்ப் பாக்கறேன். உக்கார்ற துணி நனைஞ்சிருக்கு."

அழுதேன். பயத்தில் இல்லை. சந்தோஷத்தில். கேட்கவே அசிங்கமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. அவன் ஓடிப்போகவில்லை. யூலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பாரடி உன் பிள்ளையை என்று காட்ட வேண்டும்போல இருந்தது.

"நான் நாளைக்கே வரேன்" என்றேன்.

"வராதீங்க."

"ஏன்?"

"ரெண்டு நாற்காலி இருக்கும்மா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நேத்து வரைக்கும் ஒண்ணுதான். இன்னிக்குக் காலைல பாத்தா ரெண்டு. ஒட்டிப் போட்டிருக்கு. சிவப்பு. இடது கைப்பிடில ஓட்டை. தீ பட்ட மாதிரி..."

"இல்ல. என்னோடது இங்க கராஜ்ல மாட்டியிருக்கு."

"போய்ப் பாருங்க."

போனைப் பிடித்துக்கொண்டே போனேன். விளக்கைப் போட்டேன்.

ஆணி இருந்தது.

நாற்காலி இல்லை.

ஆணிக்குக் கீழே சிமென்ட் தரையில் தண்ணீர். கராஜ் கதவு வரைக்கும் சொட்டுச் சொட்டாக. பாசி நாற்றம். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

"சிவப்பு நாற்காலியும் நனைஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றார் ஹேஸ்கல். "அது காஞ்சுதான் இருக்கு."

யூலாவுக்கு அன்றைக்கே போன் செய்து சொன்னேன், உங்கள் பிள்ளை என்னை விட்டுப் போகவில்லை என்று. போனை வைத்துவிட்டாள். இந்த விடுமுறைக்கும் ஸ்லேட் ஃபோர்க்கில் எல்லா இடமும் நிறைந்துவிட்டதாம். கோடி இடத்தைத் தவிர.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் எனக்கென்று ஒரு இடம் பிடித்து வைக்காத மனுஷன், இப்போது பிடித்து வைத்திருக்கிறான். நாற்காலி போட்டிருக்கிறதே, இனி யாரும் அதைத் தொடமாட்டார்கள்.