பலாமரத்தில் கட்டிய பேய்

பேய்ப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் தலையில் இடி விழ! அவனால் என் கல்யாணமே கவிழ இருந்தது.

அப்போது வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கு டூரிங் கொட்டகை வந்த வருஷம் முதல் பாகம் ஓடியது. மிளகு விற்கப் போயிருந்த நான், விற்ற கையோடு போய் மணலில் உட்கார்ந்தேன். பாதிப் படத்தில் பேய் வாயைத் திறந்து சிரித்தது. அவ்வளவுதான். கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தவன், மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையேறியதும் ஊரே சூழ்ந்துகொண்டு கதை கேட்டது. அங்கே சினிமா பார்த்த ஒரே ஆள் நான்தான். ஓடி வந்தேன் என்று சொல்ல முடியுமா? முடிவை நானே செய்தேன். கதாநாயகன் பேயைத் துரத்திப் பிடித்து, மிளகுக்கொடியால் பலாமரத்தில் கட்டிப்போட்டான் என்றேன். கீழ்நாட்டுக்காரர்கள் எல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அது நன்றாகவே வந்தது.

என் தாய்மாமன் மகள் அதைக் கேட்டுத்தான் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அவர்கள் சாமைக்காட்டில் கரடி நடமாட்டம். “பரண்ல தனியாக் காவல் கெடக்கிற ஆம்பளைதான் எனக்கு வேணும்” என்று அதற்கு முன் இரண்டு பேரைத் தட்டிக்கழித்தவள். எனக்கோ அவள் மேல் உயிர்.

அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்து தொலைத்தது.

“மாப்ள, அந்தப் பேய் மறுக்கா வந்திருக்குதாமா. நீ சொன்ன கொடி அறுந்துபோச்சாட்ட இருக்குது. போய்ப் பாக்கோணும்” என்று மாமன் தன் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வயிற்றுவலி, காய்ச்சல் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். விடுவாரா?

சாயங்கால ஆட்டம். இடுப்புயரத் தட்டிக்கு அந்தப்பக்கம் பெண்கள், இந்தப்பக்கம் நாங்கள். படம் தொடங்கினால், படத்துக்குள்ளும் ஒரு டூரிங் கொட்டகை! அதில் ஜனங்கள் உட்கார்ந்து முதல் பாகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் கடைசிக் காட்சி ஓடுகிறது. பேய் தானாகவே நடந்து போய்ப் பாழுங்கிணற்றில் இறங்குகிறது. சுபம்.

“ஏன் மாப்ள, பலாமரம் எங்க?” என்றார் மாமன், கொட்டகைக்கே கேட்கும்படி.

நான் பதில் தேடுவதற்குள், படத்திலிருந்த கொட்டகையின் திரையைக் கிழித்துக்கொண்டு பேய் வெளியே குதித்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஓர் ஒல்லிப்பிச்சான் கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு தவழ்ந்து ஓடினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் நின்றிருந்த டிக்கெட் கிழிக்கிறவர் மாமனிடம் குனிந்தார்.

“போன வருசம் மலைக்காரர் ஒருத்தரு நெசமாலுமே இப்படி ஓடுனாருங்க” என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். “அட, இவருதானுங்க!”

தட்டிக்கு அந்தப்பக்கம் அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பேயே தேவலை.

சந்தைப்பேட்டையில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் மலையேறினோம். சந்தையில் வாங்கிய உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். திரும்பியே பார்க்கவில்லை. பாதி மலையில் பொறுக்க முடியாமல் கேட்டேன். “பயந்தாங்கொள்ளின்னு என்னை வேண்டாங்கிறயா?”

திரும்பினாள். “பயந்ததுக்கு இல்ல மச்சான். கரடி வந்தா நானுந்தான் ஓடுவேன். ஓடிப்போயிட்டு, கரடியே வரலைன்னு நீ பொய் சொன்னா எங்க காடு என்னாகும்?”

சுருக்கென்றது.

ஊருக்குள் நுழைந்ததும், போன வருஷம் கதை கேட்ட அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். “பேய் என்னாச்சுங்க? கட்டை அவுத்துக்கிச்சுங்களா?” அவள் மூட்டையை இறக்காமல் நின்றாள். நானே சொன்னேன். துணியைத் தூக்கியது, தவழ்ந்தது, காரவள்ளி வரை ஓடியது, பலாமரம் என் சொந்தச் சரக்கு என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மானம் கப்பலேறிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. உப்பு மூட்டையை எடுத்து என் தலையில் வைத்து, “ஊட்டுக்கு வா மச்சான்” என்றாள்.