கொள்ளிமேட்டில் விழுந்த நட்சத்திரம்

எங்கள் ஊரில் வானத்திலிருந்து எதுவும் விழுந்ததில்லை. மழைகூட யோசித்து யோசித்துத்தான் விழும். ஆனாலும் எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் கொள்ளிமேட்டில் ஆதிகாலத்தில் ஒரு நட்சத்திரம் விழுந்தது என்று காஞ்சிபுரத்துப் படித்த கூட்டம் மனதார நம்பியது. ஊர்க்காரர்கள் நம்பவில்லை. நம்பியதுபோல நடித்தார்கள். இந்த இரண்டு கூட்டத்தின் மேலும் எனக்கு இன்றுவரை மரியாதை கிடையாது.

ஊர் தாமல் ஏரிக்குப் பக்கத்தில். ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி அகலமாக ஒரு மேடு, நடுவில் பள்ளம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதுதான் கொள்ளிமேடு, ஊரின் பழைய சுடுகாடு. பிணத்துக்குக் கொள்ளி வைக்கிற மேடு என்பதால் கொள்ளிமேடு. இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? ஏரிக்கு அந்தப் பக்கம் புதுச் சுடுகாடு வந்த பிறகு மேட்டில் புல் மூடிவிட்டது. ஊர்க் கொல்லர் உலையில் மிஞ்சும் இரும்புக் கிட்டத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்.

என் அண்ணனை அங்கேதான் எரித்தார்கள். மஞ்சள் காமாலையில் போனான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. அப்பா முன்பே போய்விட்டதால் சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அம்மாவைத் தெருமுனையிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவன் முகத்தைக்கூட சரியாகப் பார்த்திராதவர்கள், ஆண்பிள்ளைகள் என்ற ஒரே தகுதியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிவரை போனார்கள். பெற்றவள் தெருமுனையில் நின்றாள்.

அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் எதுவும் கேட்டவளில்லை, ஒன்றைத் தவிர. சித்தப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பாள்.

"அவன எந்த எடத்துல வெச்சீங்கன்னு ஒரு தரம் காட்டுப்பா. பாத்துட்டு வந்துடறேன்."

"பொம்பளைங்க போற எடமா அண்ணி அது? ஊரு என்னா பேசும்?"

சித்தப்பா பஞ்சாயத்து மெம்பர். ஊர் என்ன பேசும் என்பதைத் தவிர அவர் தலைக்குள் வேறொன்றும் இருந்ததாக நான் கண்டதில்லை. அம்மா தானாகப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போனால் அந்த ஆண்டு மழை பொய்த்ததற்கு அவள்தான் காரணம் என்பார்கள். அதையும் பொறுத்துக்கொள்வாள். ஆனால் அவ்வளவு பெரிய மேட்டில் எந்த இடம் என்று அவளுக்கு யார் சொல்வது? நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய்வருவேன். "எடத்தச் சொல்லுங்க சித்தப்பா, நான் கூட்டிக்கினு போறேன்" என்றேன். "படிச்ச திமிரு" என்று எழுந்து போய்விட்டார்.

அப்படிப்பட்டவர்தான் நட்சத்திரத்தை இறக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்திலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஏரி பார்க்க வந்தார். வெயிலுக்கு நிழல் தேடி, அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்துவிட்டார்கள். புளியோதரை, காஞ்சிபுரம் இட்லி, எல்லாம் இலையில். பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட சித்தப்பா மோர்ப்பானையோடு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சாப்பாடு உள்ளே போயிருந்தது.

"இந்த மேட்டுக்குப் பேர் என்னங்க?" என்று கேட்டிருக்கிறார் விரிவுரையாளர், வாயில் சோற்றோடு.

"கொள்ளிமேடு சார்."

"ஏன் அந்தப் பேர்?"

உண்மையைச் சொன்னால் வந்த விருந்தாளிகள் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு ஏரிக்கு ஓடுவார்கள். சித்தப்பா மோரை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். "அந்தக் காலத்துல வானத்துலேர்ந்து கொள்ளி விழுந்துச்சாம் சார். பெரியவங்க சொல்வாங்க."

"விண்கொள்ளி!" என்று அந்த மனிதர் இலையை விட்டு எழுந்துவிட்டாராம். இதைச் சித்தப்பாவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே விரிவுரையாளர் திரும்ப வந்தார். ஊரில் ஒவ்வொருவரையாக நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்த மேட்டுக்கு நீங்கள் போவதுண்டா? இல்லை. பெண்கள்? ஐயோ, கூடவே கூடாது. குழந்தைகள் விளையாடினால்? முதுகுத் தோலை உரித்துவிடுவோம். கர்ப்பிணிகள்? அந்தப் பக்கம் தலைகூடத் திருப்பமாட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு? சுற்றுவழியில்தான் போவோம். எல்லாம் உண்மை. உலகத்தில் எந்தச் சுடுகாட்டைப் பற்றிக் கேட்டாலும் கிடைக்கிற உண்மை. ஏன் போவதில்லை என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அத்தனை பேரும் மெம்பர் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னார்கள். இந்தச் சாக்கில் ஊருக்கு ரோடு வரும் என்று சித்தப்பா ஆசை காட்டியிருந்தார். ஒரு ரோட்டுக்காகச் செத்தவர்களை எல்லாம் மறந்துபோன ஊர் எங்களுடையது.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விரிவுரையாளர் சொற்பொழிவு நடத்தினார். நானும் போயிருந்தேன். ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளைப் பற்றிப் பேசினார். அங்கே விண்கல் விழுந்த பள்ளங்களின் அருகே அவர்கள் தங்கமாட்டார்கள், அங்கே தேங்கும் தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள், வானத்திலிருந்து நெருப்பு இறங்கிய இடம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள் என்றார். அதெல்லாம் நிஜமாகவே இருக்கும். அந்த மக்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருப்பார்கள், கேட்டவன் முகம் கோணுமே என்று கதை கட்டியிருக்கமாட்டார்கள். பிறகு பேச்சில் எங்கள் ஊருக்கு வந்தார். மேஜைமேல் கொல்லர் கொட்டிய கிட்டத்தில் ஒரு கட்டியை வைத்து, "இது பூமியைச் சேர்ந்ததே அல்ல" என்றார். மண்டபம் கைதட்டியது. ஒரு பட்டுக்கடை முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, கட்டியில் பாதியை உடைத்து வாங்கிக்கொண்டு போனார். கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படத்தோடு வைத்துக் கற்பூரம் காட்டினாராம்.

கூட்டம் முடிந்ததும் நான் நேரே போய்ச் சொன்னேன். "சார், அது எங்க ஊர்ச் சுடுகாடு. என் அண்ணன அங்கதான் எரிச்சாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "பிற்காலத்துல சுடுகாடா ஆயிருக்கலாம்மா. வானத்து நெருப்பு இறங்கின இடத்துலதானே ஜனங்க நெருப்பு வைக்கத் தோணும்? அடி ஆழத்துல ஆதி நினைவு இருக்குது. அத நீங்க மறந்துட்டீங்க."

நான் மறந்துவிட்டேனாம். உண்மையைச் சொன்னால் அதையே எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக்கொடுக்கிறவனிடம் வேறு என்ன பேச முடியும்? செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், வாயைவிட்டே. என் பள்ளிக்கூடத்திலிருந்து சொற்பொழிவுக்குக் கூட வந்திருந்த டீச்சர் தெரியாதவள்போல ஒதுங்கி நடந்தாள்.

பிறகு மேட்டில் பெயர்ப்பலகை திறக்க ஓர் அதிகாரியை அழைத்து விழா வைத்தார்கள். சாமியானா, மைக், நாற்காலி எல்லாம் வந்தன. சித்தப்பா முதல் நாளே வீட்டுக்கு வந்து, "நம்ம வூட்டுப் பொம்பளைங்க யாரும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு நட்சத்திரம், வீட்டுக்குச் சுடுகாடு. வெட்கமே இல்லாமல் இரண்டையும் ஒரே வாயால் சொன்னார்.

விரிவுரையாளர் விடவில்லை. மைக்கில் அவர் குரல் எங்கள் வீடுவரை கேட்டது. "தாய்மார்களே, தயங்காதீர்கள்! தலைமுறை தலைமுறையாக உங்களை இந்த இடத்தை மிதிக்கவிடாமல் செய்த அச்சத்தை இன்று உடைத்தெறியுங்கள்! வாருங்கள்!"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"கூப்புடறாங்க இல்ல? வா, போலாம்."

நாங்கள் இரண்டு பேரும் மேட்டில் ஏறியபோது சித்தப்பா அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. தடுக்க வேண்டுமானால் ஏன் தடுக்கிறார் என்று சொல்ல வேண்டும். அதிகாரி உட்கார்ந்திருந்தார், பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றிருந்தார், ரோடு இன்னும் வரவில்லை. சித்தப்பா அதிகாரியின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். அவ்வளவு நாளில் அவரைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அம்மா நேரே அவரிடம் போனாள். "எந்த எடம்பா?"

"அண்ணி, அப்புறமா பேசிக்கலாம்."

விரிவுரையாளர் பாய்ந்து வந்தார். "கேட்கட்டும், கேட்கட்டும்! அம்மா, இதோ இந்தப் பள்ளத்துலதான் கொள்ளி விழுந்தது."

"உங்களக் கேக்கல சார். கொள்ளி எங்கன்னு இவருக்குத்தான் தெரியும்."

"பாருங்கள்!" என்று விரிவுரையாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இதுதான் வாய்மொழி மரபு!"

சித்தப்பா அதிகாரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாக அம்மாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வேப்பமரத்துக்குக் கிழக்கே, பள்ளத்தின் விளிம்பை ஒட்டினாற்போல ஓர் இடத்தைக் காட்டினார்.

"அங்க அண்ணி." பிறகு, குரல் இறங்கி, "தல தெக்க" என்றார்.

அம்மா நடந்து போய் அந்த இடத்தின் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் புல்மேல் வைத்தாள். தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மெதுவாக, அழுத்தாமல் வைத்தாள். பிறகு குனிந்து நெற்றியை அங்கே வைத்தாள். தோள் குலுங்கியது. எத்தனை ஆண்டுகள் இந்த ஒன்றைக் கேட்டு நடந்தவள் அவள்.

கூட்டம் கைதட்டியது. ஆதிகால அச்சம் ஒரு கிராமத்துத் தாயின் நெற்றியில் உடைந்தது என்று மைக்கில் சொன்னார்கள். கேமரா பளிச்சென்றது. "தலை தெற்கே" என்று விரிவுரையாளர் பக்கத்திலிருந்தவரிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விண்கல் தெற்கிலிருந்து தலைகுப்புற வந்திருக்கிறது, கேட்டீர்களா என்றார். அந்த மனிதரை அங்கேயே அறையாமல் விட்டது என் கைகளின் பெருந்தன்மை.

விழா முடிந்து வீட்டுக்கு வந்தோம். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். எங்களுக்கு முன்பே ஓடிவந்திருந்த சித்தப்பா கிணற்றடியில் ஈர வேட்டியோடு, இன்னொரு வாளி சேந்தி வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, குளிச்சிட்டு உள்ள போங்க."

அம்மாவின் நெற்றியில் மண் அப்படியே இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. நிற்கவும் இல்லை.

"நட்சத்திரம் விழுந்த எடத்துலேர்ந்துதானேப்பா வரேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.