மலைக்கும் டச்சப்

ஊரில் அவருக்கு டச்சப் என்றுதான் பெயர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கணினியில் அவர் கை வைத்தால் மச்சம் மறையும், தொங்கிய கன்னம் ஏறும், வழுக்கையில் பயிர் முளைக்கும். அவர் எடுத்த படத்தோடு பாஸ்போர்ட் வாங்கப் போன ஒருவரை, "உங்க தம்பி படத்தைக் கொண்டாந்திருக்கீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை விருது வாங்கியதைப் போலச் சொல்லித் திரிவார்.

ஸ்டுடியோ ஜன்னலில் மலை தெரியும். மேகத்தை மறித்து ஊருக்கு மழை இறக்குவது அதுதான். குழாய்த் தண்ணீரும் அதன் ஊற்றுகளிலிருந்துதான் வருகிறது. பள்ளிக்கூட முத்திரையில் மலை, சோப்பு உறையில் மலை. யாராவது புளுகினால், "மலையைப் பார்த்துச் சொல்லு" என்பார்கள். இவ்வளவு மரியாதைக்கும் நடுவில் கிழக்குச் சரிவைக் கல்குவாரி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஊரும் அந்தப் பக்கம் பார்க்காமலே மலையைக் கும்பிடப் பழகிவிட்டது.

அரசாங்கம் பாதுகாக்கும் மலைகளின் பட்டியலில் இந்த மலையையும் சேர்க்க ஒரு குழு அமைத்தார்கள். தலைவர், குவாரி முதலாளி. பட்டியலில் வந்தால் அடிவாரத்தில் அவர் கட்டும் விடுதிக்கு ஆள் வரும். ஸ்டுடியோ இருக்கும் கட்டடமும் அவருடையதுதான்.

"மனு கூட ஒரு படம் வைக்கணும். கிழக்குப் பக்கம் கொஞ்சம் நெரப்பிடுப்பா" என்றார்.

"எதால சார்?"

"மரத்தாலதான். உனக்கென்ன, தண்ணியா ஊத்தப்போறே?"

டச்சப்புக்கு ராத்திரியெல்லாம் தேவைப்படவில்லை; ஒரே மத்தியானத்தில் காடு வளர்த்துவிட்டார். போனால் போகட்டும் என்று ஒரு அருவியும் விட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கத்து ஊத்து வத்திப்போய் நான் லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கிறேன். நீங்க இங்க அருவி விடுறீங்களா?"

"கடையைக் காலி பண்ணச் சொன்னா எங்கடி போறது?"

"அப்ப அந்த அருவியிலயே போய்க் குளிங்க."

மனுவைப் பார்த்து அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா ஆய்வுக்கு வந்தார். ஸ்டுடியோ வாசலில் நின்று படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மலைக்கு எப்படிப் போகணும்?"

"இதோ, இதுதாங்க மேடம்" என்றார் தலைவர்.

"இது வேற மலை."

தலைவர் சட்டென்று டச்சப்பைக் காட்டினார். "இவன் தப்பா எடுத்துட்டான் மேடம். வேற ஊரு மலை எதையோ எடுத்து ஒட்டிட்டான். தொழில் தெரியாதவன்."

மலை போனபோது வராத ரோஷம், தொழிலைச் சொன்னதும் டச்சப்புக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்கு சார் தொழில் தெரியாது? ஒவ்வொரு பாறையும் இந்த மலைதான் மேடம். கிழக்குப் பக்கக் காடு மட்டும் நான் போட்டது. இவருதான் போடச் சொன்னாரு. அங்க இவரு குவாரிதான் இருக்கு. அருவி மட்டும் என் சொந்த யோசனை."

வாசலில் கூடியவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் பல்லைக் கடித்தார். "நாளைக்கே கடையைக் காலி பண்றே."

அதிகாரியம்மா எல்லாரையும் குவாரிக்கு அழைத்துப் போனார். "உள்ளபடி ஒரு படம் எடுத்துக் கொடுங்க" என்றார். டச்சப் கேமராவைக் கண்ணில் வைத்தார். விளிம்பில் நின்ற தலைவர் நழுவப் பார்த்தார்.

"போகாதீங்க சார், அப்படியே நில்லுங்க. பள்ளம் எவ்வளவு பெருசுன்னு தெரிய பக்கத்துல ஒரு ஆள் வேணும்."