வெறும் வயிற்றில் ஒரு கட்டன்

சித்தி முனீஸ்வரிக்கு ஜீப்பின் பின்சீட்டில் ஓரத்து இடம். சுருளிப்பட்டியிலிருந்து கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப் அது. தாயில்லாத என்னை வளர்த்ததும் பட்டம் வரை படிக்க வைத்ததும் அந்த இடம்தான். பதினாறு வருஷமாக அதை விடாதவள், போன மாதம் ஐந்து நாள் படுத்துவிட்டாள். கழுத்திலிருந்து பின்மண்டை வரை கயிறு போட்டு முறுக்குகிற வலி. இன்னொரு நாள் வராவிட்டால் வேறு ஆளை ஏற்றிக்கொள்வேன் என்று டிரைவர் தங்கபாண்டி வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். கூட வருகிற பிச்சையம்மாள், "நோவா, இல்ல மகன் பட்டம் வாங்குன மெதப்பா?" என்று கேட்டாளாம்.

தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் வாசித்துச் சொன்னேன்: காலையில் வெறும் வயிற்றில். எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் என்று எனக்குப் பெருமைதான். சித்தி ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவேயில்லை. வலிக்காகக் கம்பத்துக்குக் கூட்டிப் போனபோது டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டார்.

"கட்டன்லதான் தாயி. எந்திரிச்சதும் சூடா ஒரு கட்டன் குடிச்சாத்தான் தலை நிக்கும்."

பால் ஊற்றாத டீக்கு எல்லைப் பக்கத்தில் எங்களுக்கு அதுதான் பேர். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வெறும் வயிற்றில் என்று யாரும் சொல்லவில்லையா என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எம்மகன் சொன்னானே. படிச்ச புள்ள, சரியாத்தான் சொன்னான். கட்டன் குடிச்சா வயிறு நெறஞ்சிருமா?"

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ரெண்டு டீ குடித்துவிட்டு, இன்னும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை என்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். எதோடு விழுங்குகிறாய் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

டீயோடு போனால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரில் விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, ஆறு வாரத்தில் மறுபடி பரிசோதனை என்றார் டாக்டரம்மா. கழுத்து இறுக்கத்துக்கு வேலையும் காரணம், குனிவதைக் குறையுங்கள் என்றார்.

"ஏலக்கா தூருலதான காய்க்குது தாயி, உச்சியிலயா?" என்றாள் சித்தி.

இப்போது எழுந்ததும் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டன் இல்லாமலே சோறு பொங்குகிறாள். ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஜீப் வந்துவிடும். நான் கட்டன் போட்டு பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறேன். மலைப்பாதையில் நாலாவது வளைவு வரும்போது ஒரு மணி நேரம் ஆகிவிடும், அதைத் தாண்டித்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம் போயிருக்கிறது. வலி இன்னும் விடவில்லை. ஓரத்து இடத்தில் அவள்தான் போகிறாள், மடியில் பாட்டிலோடு.