சிங்கப்பூருக்குப் போன பால் புட்டி

பிள்ளை பார்க்கிற வேலைக்கு வந்தவளுக்கு ஆகாயத்திலும் வேலை இருக்கும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர், சித்தூரில் நர்ஸாக இருந்த லில்லி சிஸ்டர். நான் வேலைக்குப் போன வீட்டுப் பெண் ஹேமாவுக்குப் பிரசவம் ஆன அன்று, பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுக்கும்போதே சொன்னார். "இவன் அப்பா அம்மா ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல. ஒரு நாள் உன்னையும் பிளேன்ல ஏத்தாம விடமாட்டாங்க பாரு சரோஜா. ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளை வாயில பால் இருக்கணும். இல்லேன்னா காது அடைச்சிக்கினு கத்தும்." நான் சிரித்தேன். நகரியைத் தாண்டி ரயிலில் போனதே எனக்குப் பெரிய பிரயாணம்.

நீங்களும் கைக்குழந்தையோடு பஸ் ஏறினவர்கள்தான். ஒரு தோளில் பிள்ளை, ஒரு தோளில் பை, பல்லில் பர்ஸ், பின்னால் கண்டக்டரின் அவசரம். ஆகவே நான் பட்ட பாட்டில் பாதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

என் பிள்ளைகள் இரண்டும் ஆளாகிவிட்டன. மகன் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறான், மகளைப் புத்தூரில் கொடுத்திருக்கிறது. நான் திருப்பதியில் வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேமாவும் அவள் வீட்டுக்காரர் தினகரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். ஹேமாவுக்குப் பால் சரியாக ஊறவில்லை. ஆரம்பத்திலிருந்தே புட்டிதான். பிள்ளைக்குக் கழுத்து நிற்பதற்கு முன்பே அவளுக்கு லீவு முடிந்துவிட்டது. அவன் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. அவள் மட்டும் போனாள். ஹேமாவின் அம்மாவுக்குக் கை நடுக்கம் என்பதால் புட்டி என் பொறுப்பு. சின்னா என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பிள்ளை, நாளாக நாளாக என் கையைத் தவிர வேறு யார் கையிலும் குடிக்காமல் ஆகிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமா போன் பண்ணுவாள். சளி, பேதி, தடுப்பூசி எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பாள். "அம்மா, எங்கிட்ட வந்தா குடிப்பானா?"

"பெத்தவ கையில குடிக்காம எங்க போவான்?" என்பேன். சொல்லிவிட்டுச் சுவரில் இருக்கிற பெருமாளைப் பார்ப்பேன். ஏனென்றால் பிள்ளையைக் கொண்டுபோய் விட எனக்குக் கிடைத்தது ஒரு மாத விசா. அதற்குள் அவன் ஹேமாவிடம் பழகவில்லை என்றால், பிள்ளையை என்னோடு திருப்பதிக்கே திருப்பி அனுப்பிவிடலாம், வளர்ந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று தினகர் தம்பி சொல்லியிருந்தார்.

எவர்சில்வர் டப்பா

பால் பவுடர் வருவது தகரடப்பாவில். அதைப் பார்த்தாலே ஹேமாவின் அம்மாவுக்கு ஆகாது. துருப்பிடிக்கும், எறும்பு வரும், காற்றுப் புகும் என்பார். பாஸ்போர்ட் வந்து, தினகர் தம்பி கூட்டிப்போக வந்து, நாங்கள் புறப்படும் நாளன்று, நல்ல மனசோடு, பவுடர் முழுவதையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்த எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட்டார். நம் வீடுகளில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். தகரடப்பா மேல் ஒட்டியிருந்த பேரும் படமும் திருப்பதியிலேயே நின்றுவிட்டன என்பது சென்னை விமான நிலையத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சோதனை மெஷினில் டப்பா ஒரே கறுப்பாகத் தெரிந்ததாம். யூனிபார்ம் போட்ட அம்மா ஒருத்தி திறக்கச் சொன்னாள். உள்ளே வெள்ளைப் பொடி. பேர் இல்லை, ஊர் இல்லை. "என்னது இது?" பால் பவுடர் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." தினகர் தம்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. வேறொரு ஆளைக் கூப்பிட்டாள். அந்த ஆள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அந்த டப்பா போய்விட்டால் சின்னாவுக்குச் சிங்கப்பூர் வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். தோளில் அவன் என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் டப்பா திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவளே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்றார்கள். அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை, நான் விரதம். பிள்ளைக்காக என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு, வலது கையைக் குழித்து நீட்டினேன். தம்பி கொஞ்சம் கொட்டினார். கண்ணை மூடி, "கோவிந்தா" என்று வாயில் போட்டேன். மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. அந்த யூனிபார்ம் அம்மா அதுவரைக்கும் சிரிக்காதவள், சொன்னாள்: "அம்மா, இது ஒண்ணும் பிரசாதம் இல்ல. கண்ணைத் தொறந்துக்கினே துன்னுங்க."

ஏறும்போது

லில்லி சிஸ்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. கதவைச் சாத்தியதும் பிளேன் பறந்துவிடும் என்று நினைத்து, பாலைக் கலந்து கையோடு வைத்திருந்தேன். வண்டி நகர்ந்ததும் வாயில் வைத்தேன். அது பறக்கவில்லை. நம் ஊர் லாரி மாதிரி வரிசையில் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. சின்னா நிதானமாகக் குடித்து முடித்து, ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனான். அதற்குப் பிறகுதான் அது ஓட ஆரம்பித்தது.

மேலே தூக்கியபோது அவன் முழித்தான். நான் பிள்ளை பார்த்த இத்தனை வீடுகளில் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. முகம் சிவந்து, மூச்சு இழுத்து, கொஞ்ச நேரம் சத்தமே வராமல் வாய் மட்டும் திறந்து நின்றது. புட்டி காலி. வெந்நீர் கேட்கலாம் என்றால் பிளேனில் பரிமாறுகிற பெண்களும் அவரவர் சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டியிருந்தது. எழுந்து தட்டிக்கொடுக்கவும் வழியில்லை. காலிப் புட்டியையே வாயில் வைத்தேன். அவன் துப்பினான். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தினகர் தம்பி எல்லோரிடமும் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜன்னல் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சத்தியவேடு பக்கத்து ஆள், கப்பல் பட்டறையில் வேலை, லீவு முடிந்து திரும்புகிறார். அவரிடமும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "மன்னிச்சிக்கோங்க நைனா, உங்களைத் தூங்கவிடாம பண்றான்." அவர் என் கையைக் கீழே இறக்கிவிட்டார். "அழட்டும்மா. என் பொண்ணு இந்த வயசுல அழுது நான் கேட்டதே இல்ல. கேட்டுக்கினு வரேன்."

தம்பியின் மடி

மேலே போய் வண்டி சமமானதும் வெந்நீர் வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்தது. ஐஸ் போட்ட டம்ளரில் புட்டியை நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடு தணிந்ததும் நான் கொடுக்கப் போனேன். தம்பி கையை நீட்டினார். "நான் குடுக்கறேம்மா. அங்க போனதும் பழகணும் இல்ல?"

எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளையை அவர் மடியில் சாய்த்து, தலைக்கு எப்படி அண்டை கொடுக்கவேண்டும் என்று காட்டினேன். சின்னா நிப்பிளை நாக்கால் தள்ளினான். தம்பி "சின்னா, அப்பாடா, தாகு நைனா, தாகு" என்று, குடிக்கச் சொல்லித் தெலுங்கில் கெஞ்சினார். அவன் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். அங்கே வேலை செய்கிற பெண், நல்ல சிரித்த முகம், தானும் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் அதே மரியாதை. இரண்டு கன்னத்திலும் பால் வழிய அவன் என்னைத் தேடித் தலையைத் திருப்பினான். நான் வாங்கினேன். வாய் பட்டதும் மடக்மடக்கென்று குடித்தான்.

சுற்றி இருந்தவர்கள் கைதட்டாத குறை. முன்னெல்லாம் இப்படி நடந்தால் எனக்குள் ஒரு பூரிப்பு வரும், பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது வரவில்லை. பெற்ற அப்பன் கையைத் தள்ளியவன் அம்மா கையை மட்டும் பிடித்துக்கொள்வானா? தம்பி சட்டையில் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "என் கையில குடிக்கலன்னு ஹேமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா."

இறங்கும்போது

இந்த முறை ஏமாறக்கூடாது என்று பாலைக் கலந்து முந்தானைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். சிங்கப்பூர் மேலே நல்ல மழை. இறங்க இடமில்லை என்று பிளேன் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளை மட்டும். உள்ளே எல்லோருடைய முகமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. சின்னாவுக்குப் பசி. புட்டியைப் பார்த்துவிட்டான். கொடுத்தால் தீர்ந்துவிடும், கொடுக்காவிட்டால் கத்துவான். ஒரு வாய் கொடுப்பேன், எடுப்பேன். அவன் கோபத்தில் என் கையைப் பிறாண்டினான். நான் கோவிந்த நாமம் சொல்லத் தொடங்கினேன். எனக்குத் தெரியாமலே சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். பின்னால் இருந்து இரண்டு பேர் கூடச் சேர்ந்து சொன்னார்கள்.

வண்டி ஒரு குலுக்கலோடு கீழே சரிந்தது. புட்டியை முழுசாக அவன் வாயில் விட்டேன். அவன் காது பிழைத்தது, என் காதுதான் போயிற்று. இரண்டு பக்கமும் ஆணி அடித்த மாதிரி வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தியவேட்டுக்காரர் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்தே நீட்டினார். பவுடர் கதையை வழியிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். விரதம் என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை: "பவுடரே துன்னாச்சி, மிட்டாயில என்னா இருக்குது? வாயில போட்டுக்கம்மா, சாமி கோச்சிக்காது."

கண்ணாடிக் கதவு

வெளியே வருகிற கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஹேமா நின்றிருந்தாள். ஆபீஸ் உடுப்பு, கழுத்தில் ஏதோ அட்டை. மெலிந்துவிட்டாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு அடியாக வந்தாள். சென்ட் கூடப் போடவில்லையாம், வாசனை புதுசாக இருந்தால் அழுவான் என்று யாரோ சொன்னார்களாம். "சின்னா" என்று மட்டும் சொன்னாள். போனில் எத்தனையோ தடவை கூப்பிட்ட குரல்தான். நான் அவனை அவளிடம் நீட்டினேன்.

அவன் பார்த்தான். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவன் கீழுதடு பிதுங்கியது. வீல் என்று கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கார் கொண்டுவந்திருந்த ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் கூட நின்றிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, சூழ்நிலையைச் சுலபமாக்க நினைத்தார் போல. ஒன்றைச் சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். தம்பியும் சிரித்தார், ஹேமாவும் சிரித்தாள். ஆனால் அவள் நீட்டிய கைகள் எங்கே போவது என்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டன. அந்தச் சிநேகிதர் சொன்னது இதுதான்: "ஹேமா, பையன் உங்களை யாருன்னு கேக்கறான்!"

லிஃப்ட் பக்கத்தில்

வீடு மேல்மாடியில். போனதும் ஹேமா கை கழுவிக்கொண்டு புட்டியோடு உட்கார்ந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். நான் சமையலறைக்குள் போய் நின்றேன். அப்போதும் அழுகை, கண் மட்டும் சமையலறை வாசலிலேயே. ஹேமா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மா, கோச்சிக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க. உங்க வளையல் சத்தம் கேட்டா தேடறான். நீயும் போ தினா." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் மறுபேச்சுக்கு இடமில்லாமல் சொன்னாள்.

நானும் தம்பியும் லிஃப்ட் பக்கத்தில் நின்றோம். கதவுக்கு உள்ளே அழுகை ஏறிக்கொண்டே போனது. கேட்டால் எனக்குத் தெரியும், இது பசி, இது பிடிவாதம், இது பயம் என்று. இது மூன்றும். குரல் கம்மிப்போயிற்று. தம்பியால் தாங்க முடியவில்லை. "நீங்களே போய்க் குடுத்துடுங்கம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்." என் கை ஏற்கெனவே கதவுப்பிடியில்தான் இருந்தது. நான் போனால் உடனே குடிப்பான். நாளைக்கும் நான்தான் போகவேண்டும், நாளன்றைக்கும். மாதம் முடிந்ததும் அவன் என்னோடு பிளேன் ஏறுவான்.

அழுகைக்கு நடுவில் ஹேமாவின் குரல் கேட்டது. தாலாட்டு இல்லை. அவள் அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். காலையில் எந்த பஸ்ஸில் போவாள், சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்கார்ந்து அவன் போட்டோவைப் பார்ப்பாள், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் எந்த ஜன்னலை மூடுவாள், எல்லாம். ஆபீஸில் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கையை எடுத்துவிட்டேன். வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

சத்தம் நின்றது. அழுகையைவிட அது பயமாக இருந்தது. தம்பி கதவை விரல் அகலம் திறந்தார். ஹேமா எங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் சின்னாவின் பாதம் தெரிந்தது, கட்டைவிரல் மடங்கி மடங்கி விரிந்தது. அவள் திரும்பவில்லை. தோள் கூட அசையவில்லை. காற்றில் பேசுகிற மாதிரி சொன்னாள்: "யாரும் உள்ள வராதீங்க. குடிக்கறான்."

மாதக் கடைசியில் நான் தனியாகத்தான் ஊர் திரும்பினேன். நாம் இல்லாமல் பிள்ளை குடிக்கிற நாளில்தான் நம் வேலை முடிகிறது என்றால், இது என்ன வேலையோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிரிந்திருந்து வந்து பிள்ளையைக் கையில் வாங்குகிற தாயிடம், உன்னை யாருன்னு கேக்கறான் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.