லிஃப்ட் வாசலில் விஜயலெட்சுமி

திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் கால் வைத்ததுமே விஜயலெட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன குப்பை சமையலறை மூலையில் நாறிக் கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மகள் ஜெயந்தினியைப் படுக்கவைக்கச் சுத்தமாக ஒரு மூலை இல்லை. ஆறு வயதுப் பிள்ளை. பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் இலங்கையில் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துச் சனங்களும் கோயில் கமிட்டியும் கைகொடுத்து அவர்களை மூன்று மாதத்துக்கு இங்கே அனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே கேட்டார். "சிலோன்காரங்களா? அகதியா?"

"அகதி இல்லீங்க. பாஸ்போட்டுல வந்தவங்க," என்றாள் விஜயலெட்சுமி.

"எதுவா இருந்தா என்ன? வெளிநாட்டு ஆளுங்க, ஒழுங்கா இருக்கணும். லிஃப்ட் ஓனருங்களுக்கு மட்டும். வாடகைக்கு இருக்கறவங்க படியிலதான் ஏறணும்."

அவள் புருஷன் ரஜீவ் தலையாட்டினான். பதுளையில் இரும்புக்கடையில் சாமான் தூக்குகிறவன். யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டான். விஜயலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டு ஆளாம்! போன வருஷம் பதுளை பஸ்ஸில் இடத் தகராறில் ஒருத்தன், "இந்தியாதானே உங்க ஊர், அங்கேயே போ" என்று சிங்களத்தில் கத்தினான். ரஜீவின் பாட்டன் இதே திருச்சிப் பக்கம் துறையூரிலிருந்து புறப்பட்டு இலங்கைக்குக் கப்பலேறியவர். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைக் கழுவினாள். கீழேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவளுக்குப் படி ஒரு பொருட்டில்லை. ஆனால் பிள்ளை?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. கட்டை போலக் கிடந்த பிள்ளையை ஆட்டோவில் மடிமேல் போட்டுக் கொண்டுவந்தார்கள். லிஃப்ட் வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார். ரஜீவ் மறுபேச்சில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறினான். முதல் திருப்பத்திலேயே கட்டு கைப்பிடிக் கம்பியில் இடித்தது. ஜெயந்தினி போட்ட அலறலில் கட்டடமே அதிர்ந்தது.

"எறங்குங்க கீழ!" என்றாள் விஜயலெட்சுமி.

விறுவிறுவென்று போய், லிஃப்டின் கதவுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கதவு மூட வந்து, அவள் தோளில் பட்டுத் திரும்பியது. மேலே யாரோ பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்கள். ஆட்கள் கூடினார்கள்.

"என்னம்மா அநியாயம் இது? வழிய விடு," என்றார் ஒருவர்.

"அநியாயம்னு தெரியுதுல்ல? அப்ப எம்புள்ளைய ஏத்துங்க."

வீட்டுக்காரர் ஓடிவந்தார். "இன்னைக்கே வீட்டக் காலி பண்ணு!"

"கட்டுப் பிரிச்சதும் பண்றேன். அதுவரைக்கும் எம்புள்ள இதுலதான் ஏறும், இதுலதான் எறங்கும். முடியாதுன்னா போலீசக் கூப்புடுங்க. அவங்க வந்து இந்தப் புள்ளையப் பாக்கட்டும்."

ரஜீவ் குனிந்து காதோரம் சொன்னான்: "லெச்சுமி, வந்த எடத்துல எதுக்கு வம்பு..."

"பேசாதீங்க. பொறந்த எடத்துலயும் இதத்தான் சொன்னீங்க."

நான்காம் மாடியில் முட்டிவலிக்காரர் ஒருவர் டாக்டரிடம் போகக் காத்து நின்றார். அவருடைய மகன் வந்து வாட்ச்மேனைப் பிடித்துக் கத்தினான்: "அவங்கள மொதல்ல மேல கொண்டுபோய் விடுய்யா!" வீட்டுக்காரர் விலகி வழிவிட்டார். லிஃப்ட் மேலேறியது.

கட்டிலில் கிடத்தியதும் ஜெயந்தினி மெதுவாகச் சொன்னாள். "அம்மா, இனிமே கத்தாதம்மா. எல்லாரும் பாத்தாங்க. வெக்கமா இருந்துச்சு."

வலிக்கிறது என்றல்லவா பிள்ளை சொல்லியிருக்க வேண்டும்! இந்த வெட்கத்தை இவளுக்கு யார் ஊட்டினார்கள்? வாசலிலேயே தயங்கி நின்ற புருஷனை விஜயலெட்சுமி முறைத்தாள்.

"பாத்தா பாக்கட்டும்டி," என்றாள். குரல் இறங்கவில்லை.

கட்டுப் பிரிக்கும்வரை ஒருவரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் உள்ளே இருந்தால் மற்றவர்கள் ஏறாமல் வெளியிலேயே நின்றார்கள். ரஜீவ் அதற்கும் மனம் வாடினான். விஜயலெட்சுமி அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினாள்.