முப்பது நாள் லீவும் ஆறு அட்டை மாத்திரையும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும். வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எனக்கு சேஃப்டி வேலை. கையெழுத்துப் போட்ட பெர்மிட் இல்லாமல் ஒருவனையும் ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏற விடமாட்டேன். புதிதாக வந்த ரைஸ் குக்கரின் விளக்கப் புத்தகத்தை, பிரெஞ்சுப் பக்கம் உட்பட, புரட்டிப் பார்த்த பிறகே ப்ளக்கைச் சொருகுவேன். அப்பேர்ப்பட்ட நான், என் மனைவி வளர்மதிக்கு ஒரு ஹார்மோன் மாத்திரையைக் கடலை மிட்டாய் வாங்குவதுபோல வாங்கிக் கொடுத்தேன். அதில் அவள் சாகப் பார்த்தாள். இந்தக் கட்டுரையில் சிரிப்பு வருகிற இடமெல்லாம் என்னைப் பற்றியது. மற்றதெல்லாம் அவளைப் பற்றியது.

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, இங்குள்ள மருந்துக்கடை. காய்ச்சல் மாத்திரை கேட்டாலும் வயது கேட்பார்கள், அலர்ஜி கேட்பார்கள். போன வருடம் லீவுக்குக் கிளம்புவதற்கு முந்திய வாரம், மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை வேண்டும் என்று போய் நின்றேன். கவுன்டரில் இருந்த அரபுப் பெண்மணி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். யாருக்கு என்றார். மனைவிக்கு என்றேன். எங்கே இருக்கிறார்? இந்தியாவில். எதற்காக? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "டெம்பிள், ட்வென்டி டேஸ், நோ ப்ராப்ளம்" என்று விளக்கினேன். அவர் முகம் இன்னும் இறுகியது. கடைசியாக, "உங்கள் மனைவிக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். மனைவிக்குத் தெரியாமல் நான் என்னமோ செய்யப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று அவர் சொல்ல, அறைக்கு வந்து எல்லோரிடமும் அவரை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்பது எனக்கு ஐந்து வாரம் கழித்துப் புரிந்தது.

நம் பக்கத்து வளைகுடா வீடுகளின் நடைமுறை உங்களுக்கே தெரியும். குடும்பத்துக்கு நல்லது கெட்டது எல்லாமே வீட்டுக்காரன் லீவில் வரும் முப்பது நாளுக்குள் நடந்தாக வேண்டும். நான் அதற்கு எக்செல்லில் ஒரு அட்டவணையே போட்டிருந்தேன். எட்டாம் நாள் கடலாடிப் பக்கம் குலசாமி கோயிலில் பொங்கலும் நாலு வயது மகளுக்குக் காதுகுத்தும். பதிமூன்றாம் நாள் தேவிபட்டினம் நவபாஷாணம். பதினெட்டாம் நாள் ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம். இருபத்தோராம் நாள் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். வளர்மதியின் மாதக் கணக்கு ஆறாம் நாளில் வந்து குறுக்கே நின்றது. அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நிறம் அடித்து, பக்கத்தில் 'தீர்வு: மாத்திரை' என்று எழுதினேன். ஒரு பெண்ணின் உடம்பை சைட்டில் கிடக்கும் பள்ளம்போலக் குறித்து வைத்த ஆள் நான்.

ஊருக்குப் போன மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்.

"ஒரு அட்ட ரெண்டு அட்ட வாங்குவாக. நீங்க ஆறு அட்ட கேக்குறீக?" என்றார்.

"விசேசம் நாலு இருக்குண்ணே."

"வீட்ல வேற ஏதும் தொந்தரவு இருக்கா? சுகர், பிரஷர், ரத்தக்கட்டு கிட்டு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நல்லா கல்லு மாதிரி இருக்கா."

அவர் ஒரு கேள்வியாவது கேட்டார். பதில் சொல்லத் தகுதியில்லாத ஆள் பதில் சொன்னேன். சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 'துபாய்க்காரன்கிட்டயே சீட்டு கேக்குறீகளா' என்று சண்டை போட்டிருப்பேன்.

வீட்டில் வளர்மதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாப்பா பெறந்தப்ப காலு வீங்கி, வயித்துல ஊசி போட்டாகள்ல? அப்ப டாக்டரம்மா கருத்தடை மாத்திரையெல்லாம் ஆகாதுன்னு சொன்னாக. இது அந்த மாதிரி இல்லையே?"

"ஏத்தா, அது வேற, இது வேற. மெடிக்கல்ல கேட்டுட்டுத்தான வாரேன்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? பாஸ்போர்ட்டில் மூன்று முத்திரை குத்திய ஆள் சொல்கிறேன் அல்லவா. அந்தக் கால்வீக்கத்தின்போது நான் இங்கே வளைகுடாவில் இருந்தேன். அது எனக்கு ஒரு போன் செய்தி. "காலு வீங்கியிருக்கு" என்றாள். "டாக்டரப் பாரு" என்றேன். அதோடு என் பங்கு முடிந்தது. ஆறு மாதம் அவள் தினமும் மருந்து எடுத்ததும், இடது காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்ததும் போன் திரையில் தெரியவில்லை. அவள் முகத்தை மட்டுமே பார்த்துப் பதினோரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. பொங்கலும் காதுகுத்தும் நடந்தன. நவபாஷாணத்தில் கடலுக்குள் நின்று கும்பிட்டோம். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரும் தலையில் விழுந்தது. எங்கள் ஊர் உச்சிப்புளிக்குத் திரும்பும் வேனிலேயே இடது கெண்டைக்கால் கடுக்கிறது என்றாள். ஈரச்சேலையோடு பிரகாரம் முழுக்க வெறுங்காலில் நடந்தவளுக்குக் கடுக்காதா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தேன். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, லேசாக வீங்கியிருந்த அவள் காலை மடியில் வைத்து, அரைமணி நேரம் அழுத்தி நீவிவிட்டேன். "இன்னைக்கு மழ கொட்டப் போகுது" என்று அவள் கேலி செய்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ராமநாதபுரத்தில் ஆக்சிஜன் வைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் அவள் என் சட்டைப் பையைப் பிடித்த பிடியில் தையல் பிரிந்துபோனது. காலில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பிப் போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் மதுரை டாக்டர். நாற்பது வயது இருக்கும் அம்மையார். காலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டுப் பார்த்தார்; குரலை உயர்த்தவே இல்லை.

"கால யாரு நீவிவிட்டது?"

"நான்தான் மேடம்."

"வீங்கின கால நீவவே கூடாது. மாத்திரை யாரு எழுதிக் கொடுத்தது?"

எங்கள் வீட்டு பீரோவிலிருந்து என் மச்சினன் எடுத்து வந்திருந்த பழைய ஃபைலை டாக்டர் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். 'இனி எந்த ஹார்மோன் மருந்தும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது' என்று தமிழிலேயே எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. பிரெஞ்சுப் பக்கத்தைப் புரட்டிய கண்ணுக்கு என் வீட்டு பீரோவில் இருந்த தமிழ் வரி தட்டுப்படவில்லை.

டாக்டர் மாத்திரையைத் திட்டவில்லை. சரியான ஆளுக்கு, சரியான அளவில், சில நாளைக்குக் கொடுத்தால் அது உதவியான மருந்துதான் என்றார். ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவளுக்கு, அதுவும் மூன்று வேளை வீதம் இத்தனை நாள் என்பதுதான் கொலை என்றார். 'கொலை' என்ற சொல்லையும் அதே மெல்லிய குரலில்தான் சொன்னார்.

ஐ.சி.யூ.வில் அவள் கிடந்தபோது லீவை நீட்டச் சொல்லி இங்கே என் சூப்பர்வைசருக்கு எழுதினேன். அவர் வேறொரு நாட்டுக்காரர், கெட்டவர் இல்லை. "உன் மனைவி நடக்கிறாரா?" என்று கேட்டார். அவர் பதில் வந்த அன்றைக்குத்தான் வார்டுக்கு மாற்றி, நர்ஸ் பிடித்துக்கொள்ள பாத்ரூம் வரை நாலடி நடந்திருந்தாள். நான் உண்மை பேசுகிறேன் என்று, "கொஞ்சம் நடக்கிறார்" என்று பதில் போட்டேன். "கடவுளுக்கு நன்றி! அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சந்திப்போம்" என்று வந்தது. முப்பதாம் நாள் அவளை மதுரை வார்டில் அவள் தம்பியிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். காதில் புதுக் கம்மலோடு மகள் கையசைத்தாள். வளர்மதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இங்கே என் அறைத்தோழர் கீழக்கரைக்காரர், சாகுல் பாய். என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல மக்காவுக்கு உம்ரா போகயில இதே மாத்திரதான் மாப்ள. டாக்டரம்மா கேட்ட கேள்வியில தல சுத்திப் போச்சாம். ரத்தக்கட்டு வந்துச்சா, ஒத்தத் தலவலி உண்டா, ஈரல்ல கோளாறு இருக்கா, வேற என்ன மாத்திர திங்கிற, குடும்பத்துல யாருக்கும் இருக்கான்னு. காலு வீங்குனாலோ மூச்சு முட்டுனாலோ மாத்திரய வச்சுட்டு ஓடியாந்துரணும்னும் சொல்லிவிட்டாக."

"நீங்க என்ன பாய் பதில் சொன்னீக?"

"நான் எங்க சொன்னேன்? அவ சொன்னா. நான் வெளிய செருப்பப் பாத்துக்கிட்டு நின்னேன்."

அன்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு கணவன் செய்திருக்க வேண்டிய காரியம் அவ்வளவுதான். அவளை டாக்டரிடம் கூட்டிப்போய், உள்ளே விட்டுவிட்டு, வெளியே செருப்புக்குக் காவல் நிற்பது. இதை வாசிக்கும் வளைகுடாக்காரர்களே, உங்கள் அட்டவணையிலும் ஒரு சிவப்புக் கட்டம் இருக்கும். அதற்குப் பதில் எழுத வேண்டியவர் நீங்கள் இல்லை.

ஒரு வருடமாகிவிட்டது. அவள் இன்னும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாள், காலுறை போடுகிறாள், மாடிப்படியில் நடுவில் நின்றுவிடுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் முகத்தை விட்டுவிட்டுக் காலைக் காட்டச் சொல்கிறேன். முதலில் திட்டினாள், இப்போது காட்டுகிறாள். இடது கணுக்கால் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது. இங்கே முப்பது பேருக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டு வந்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கணுக்காலை விரலால் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். விரலை எடுத்தால் சிறிதாகிவிடுகிறது.

இந்த வருட லீவு உறுதியாகியிருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் நின்றபோது, அவள் பிழைத்தால் இருவருமாக வந்து கடலில் முங்குகிறோம் என்று ராமேஸ்வரத்துச் சாமியிடம் வேண்டியிருந்தேன். வேறு விசேஷம் எதுவும் கிடையாது, அது ஒன்றுதான். தேதியை அவளுக்கு அனுப்பி, "இது உனக்குத் தோதுப்படுமா? வேற நாள் பாப்பமா?" என்று பணிவாகக் கேட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"எனக்கு வந்துருச்சுன்னா நீங்க மட்டும் போயி முங்கிட்டு வாங்க."